அண்ணன் கார் பெரிதா, தம்பி கார் பெரிதா?

(வாகனம் பற்றிய தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளுக்கு இந்த மாதப் பதில்கள்)

கேள்வி: நான் ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவில் வசிக்கிறேன். என்னிடம் 2015ஆம் ஆண்டின் பிஎம்டபிள்யூ எம்3 இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அண்ணனிடம் 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் கொண்ட மெர்சிடிஸ் சி63 ஏஎம்ஜி இருக்கிறது. தீபாவளிக்கு நான் டர்பனுக்கு வந்தால் அவர் கார் முந்துகிறது. அவர் இங்கே வந்தால் என் கார் முந்துகிறது. எங்கள் சண்டையைப் பொறுக்க முடியாமல் அம்மா சாப்பாட்டு மேசையில் கார்ப் பேச்சையே தடை செய்துவிட்டார். எந்தக் கம்பெனிதான் உயர்ந்தது, ஐயா?
— ஒரு வாசகர், லெனேசியா

பதில்: தம்பி, இந்தப் பந்தயம் எந்தச் சாலையில் நடந்தது என்பதை எழுதாமல் விட்டீர்களே, அதற்கு முதலில் நன்றி. நம் நெடுஞ்சாலைகளில் 120 கிலோமீட்டருக்கு மேல் போனதற்கான சாட்சியத்தை அச்சில் ஏற்றும் தைரியம் ஆசிரியருக்கு இல்லை.

நீங்கள் இருவர் சொல்வதும் உண்மைதான். தீர்ப்பை மாற்றி எழுதுவது உங்களுக்கு நடுவில் நிற்கும் மலை. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. வான் ரீனென் கணவாயில் ஏறி அப்பால் போனால் வரும் ஜோகன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துவிடும். உங்கள் அண்ணனின் வி8 எஞ்சினில் டர்போ கிடையாது. தானாக உறிஞ்சிக்கொள்ளும் காற்றை நம்பித்தான் அது ஓடுகிறது. அப்படிப்பட்ட எஞ்சின் 100 மீட்டர் உயரத்துக்கு 1 சதவீத வலுவை இழக்கும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. அந்தக் கணக்குப்படி, கடற்கரையில் 336 கிலோவாட் தரும் சி63 உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது 280க்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. உங்கள் எம்3 எஞ்சினில் இருக்கும் இரண்டு டர்போக்களோ, மெலிந்த காற்றைக் கூடுதல் வேகத்தில் சுழன்று அமுக்கிக் கொடுத்து, 317 கிலோவாட்டில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடுகின்றன. ஆகவே கீழே அண்ணன், மேலே தம்பி. ஃபார்முலா 1 பந்தயத்தில் டர்போ எஞ்சின் கார் ஒன்று முதன்முதலாகப் புறப்பாட்டு வரிசையின் முதலிடத்தைப் பிடித்ததும், 1979இல், ஜோகன்னஸ்பர்க் அருகே உள்ள நம் கியாலாமி களத்தில்தான். அது ரெனோவின் கார். அடுத்த ஆண்டு அதே களத்தில் ரெனோ பந்தயத்தையே வென்றது. அந்த மேட்டு நிலத்துக் காற்று டர்போவின் பக்கம்தான்.

வேகத்துக்கு விடை சொல்லியாயிற்று. கம்பெனிப் பக்தி வேறு கணக்கு. இந்த நாட்டில் அந்தப் பக்தி விளம்பரத்தால் மட்டும் வளர்ந்ததன்று என்பதை வெளிநாட்டு உறவினர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். ஜெர்மனிக்கு வெளியே பிஎம்டபிள்யூ தனக்கென வைத்துக்கொண்ட முதல் தொழிற்சாலை, 1973இல், பிரிட்டோரியாவுக்கு அருகில் உள்ள ரோஸ்லினில்தான் அமைந்தது. வேறெந்த நாட்டிலும் கிடைக்காத கார்களை அவர்கள் நமக்கென்றே செய்தார்கள். 745ஐ காரின் கதையைக் கேளுங்கள். ஜெர்மனியில் அந்தக் காருக்கு டர்போ எஞ்சின். ஆனால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றினால், அதன் தண்டு வர வேண்டிய இடத்தில் டர்போ உட்கார்ந்திருந்தது. வேறு கம்பெனியாக இருந்தால், உங்கள் நாட்டுக்கு இது கிடையாது என்று கைவிரித்திருப்பார்கள். இவர்கள் எம்1 என்ற பந்தயக் குலத்துக் காரின் எஞ்சினைக் கொண்டுவந்து அந்தக் கனவான் காரின் மூக்குக்குள் இறக்கினார்கள். மொத்தம் 209 கார்கள்தான் செய்தார்கள். பிறகு, பெரிய காரின் 3.2 லிட்டர் எஞ்சினைச் சிறிய காருக்குள் வைத்து 333ஐ என்ற பெயரில் 204 கார்கள் செய்தார்கள். அதன் பிறகு வந்த 325ஐஎஸ், ஓப்பலின் கேடட் சூப்பர்பாஸுடன் பந்தயக் களத்தில் மோதியபோது பள்ளிக்கூட மைதானங்கள்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்தன.

உங்கள் அண்ணன் கட்சிக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறது, அது குதிரைத்திறனில் அளக்க முடியாதது. 1990இல் சிறையிலிருந்து வந்த மண்டேலாவுக்காக நம் ஈஸ்ட் லண்டன் நகரத்து மெர்சிடிஸ் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கூடுதல் நேரக் கூலி வாங்காமல் ஒரு சிவப்பு எஸ்-கிளாஸ் காரைச் செய்து கொடுத்தார்கள். ஒரு கம்பெனியின் சின்னத்தின் மேல் மக்களுக்குப் பிரியம் வர இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தம்பி, அந்தப் பிரியம் இங்கே, தெரிந்தவர்கள் கையால் செய்த கார்களுக்குப் பிறந்தது. உங்கள் எம்3 ரோஸ்லினைக் கண்டதே இல்லை. அது ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் செய்யப்பட்டது. அப்பா காலத்துப் பாசத்தை எடுத்து இன்றைய சின்னத்துக்கு மாட்டுகிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போன காவடிக்கு மறுநாள் ஒரு கோயில் வாசலில் புதுக் கார் பூசை பார்த்தேன். ஐயர் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், கார் நகர்ந்தது, பழம் நசுங்கிச் சாறு தெறித்துத் தங்க நிறப் பிரேக் காலிப்பரில் விழுந்தது. கற்பூரத் தட்டு இன்னும் ஐயர் கையிலேயே இருக்க, உரிமையாளர் குனிந்து, தன் பட்டு வேட்டியின் ஓரத்தால் அதைத் துடைத்தார். பக்கத்தில் ஏஎம்ஜி சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்ற அவருடைய மைத்துனர், “இந்த வண்டிக்கு எலுமிச்சம்பழம் பத்தாது மாமா, பூசணிக்காய் வாங்குங்கள்” என்றார். அம்மாவின் தடையுத்தரவு நீடிக்கட்டும்.

கேள்வி: என் கணவர் இருபது ஆண்டுகளாக ஏஎம்ஜி பக்தர். புதிய சி63 காரில் நான்கு சிலிண்டர் எஞ்சினை வைத்துவிட்டார்கள் என்று, ஏதோ சொந்த வீட்டில் துரோகம் நடந்ததுபோல் பேசுகிறார். பழைய வி8 காரை விற்கவும் மாட்டார், எதிர்க்கட்சிக்கு மாறவும் மாட்டார். அவருடைய கோபம் நியாயமானதா?
— ஒரு வாசகி, டோங்காட்

பதில்: அம்மா, காகிதத்தில் பார்த்தால் நியாயமில்லை. 2022இல் அறிமுகமான அந்தக் கார், 2 லிட்டர் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து 500 கிலோவாட் தருகிறது. பழைய வி8 சி63 எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. ஐரோப்பாவின் புகைக் கட்டுப்பாடு நெருக்கும்போது கம்பெனி என்னதான் செய்யும்?

ஆனால் உங்கள் கணவர் கிலோவாட்டுக்காகப் பணம் கொடுத்தவர் அல்லர் என்று நினைக்கிறேன். 1967இல் ஆஃப்ரெக்ட், மெல்ஷர் என்ற இரண்டு பொறியாளர்கள் தொடங்கிய பட்டறை அது; அவர்கள் பெயரின் முதலெழுத்துகளோடு, ஆஃப்ரெக்ட் பிறந்த கிராஸாஸ்பாக் ஊரின் முதலெழுத்தும் சேர்ந்ததுதான் ஏஎம்ஜி. ஒரு எஞ்சினை ஒரே ஆள் முழுவதுமாகப் பூட்டி, அதன் மேல் தன் கையெழுத்துப் பொறித்த தகட்டைப் பதிப்பது அங்கே வழக்கம். புதிய நான்கு சிலிண்டரிலும் அந்தக் கையெழுத்து இருக்கிறது. காலையில் கிளப்பும்போது பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும் அந்தச் சத்தம்தான் இல்லை. கார் 2,100 கிலோவையும் தாண்டிவிட்டது. எதிர்க்கட்சியும் சிரிக்க முடியாது. 2024இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 மின் மோட்டாரைச் சுமந்துகொண்டு 2,400 கிலோவுக்கு மேல் நிற்கிறது.

அவர் பழைய காரையே வைத்துக்கொள்ளட்டும், அம்மா. டோங்காட்டில் கடற்காற்று இருக்கிறது. முதல் கேள்விக்குச் சொன்ன பதிலின்படி, அந்த எஞ்சினுக்கு இதைவிடச் சுகமான ஊர் இல்லை.

கேள்வி: ஆவ்டி ஆர்எஸ் கியூ8 வைத்திருக்கும் நண்பரும் லம்போர்கினி உரூஸ் வைத்திருக்கும் நண்பரும் ஒருவரையொருவர் மட்டம் தட்டுகிறார்கள். யார் பக்கம் நிற்பது?
— ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஒரே அடித்தளத்தின் மேல்தான் இரண்டும் எழுந்தன. போர்ஷே கயென், பென்ட்லி பென்டேகா ஆகியவையும் அதே குடும்பம்தான். இரண்டுக்கும் 4 லிட்டர், இரட்டை டர்போ, வி8. உரூஸ்காரர் விலையைக் காட்டுவார். ஆவ்டிக்காரர் 2019இல் நூர்பர்க்ரிங் களத்தை 7 நிமிடம் 42 விநாடியில் சுற்றி வந்த கணக்கைக் காட்டுவார். நீங்கள் பிரியாணி வாங்கிக் கொடுப்பவர் பக்கம் நில்லுங்கள்.

கேள்வி: என் மகன் சேமித்த பணத்தில் புதுக் கார் வாங்காமல், அவன் பிறப்பதற்கு முன்பே உற்பத்தி நின்றுபோன 325ஐஎஸ் தேடி அலைகிறான். அந்த வகைப் பழைய பிஎம்டபிள்யூ கார்களைப் பையன்கள் ‘குஷேஷே’ என்கிறார்கள். நான் தடுக்கலாமா?
— ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: தடுக்காதீர்கள், கூடப் போங்கள். இங்கேயே செய்து, இங்கேயே பந்தயம் ஓடிய கார் அது; பக்தி வைப்பதற்குத் தகுந்த ஒன்றைத்தான் பையன் தேர்ந்தெடுத்திருக்கிறான். ஆனால் பக்தன் கண்ணுக்குத் துரு தெரியாது. சாதாரண 325ஐ காருக்கு ஐஎஸ் உடுப்பை மாட்டி விற்பவர்களும் உண்டு. ஆகையால் சாஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க, அந்தக் கார்களைக் கழற்றிப் பூட்டிய வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். இன்னொன்று: வருவதாக நேரம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். இளமையில் நான் ஆசைப்பட்டு ஒரு பழைய ஜெர்மன் காரைப் பார்க்கப் போனபோது, விற்பவர் எஞ்சினை முன்பே சூடாக்கி வைத்திருந்தார். குளிர்ந்த நிலையில் அது எப்படிப் புகைக்கும் என்பதை மறுநாள் காலை என் வீட்டு முற்றத்தில்தான் கண்டேன்.