மடை திறக்கிறவர்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராமம். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் கண்மாயைக் குடிமராமத்துத் திட்டத்தில் தூர்வாரினார்கள். கரை உயர்ந்தது. ஆனாலும் கண்மாய் பெருகவில்லை. பெருகிய ஒரு வருடமும் மடையை யார் திறப்பது, யார் வயலுக்கு முதலில் என்று சண்டைதான். பொதுச்சொத்து என்றாலே பாழாகும், தனியாரிடம் விடுவதே மேல் என்கிறார் எங்கள் பேராசிரியர். எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் முன்னோர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன்பே உத்திரமேரூரில் ஏரி வாரியம் வைத்து நடத்தியிருக்கிறார்களே, அந்தப் பொற்காலம் திரும்பாதா? நானும் நண்பர்களும் மடையில் சென்சார் பொருத்தி, தண்ணீர் அளவைக் கைபேசியில் காட்ட நினைக்கிறோம். செலவுக்கணக்கு இணைத்திருக்கிறேன். இது பயன்படுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சென்சார் வையுங்கள், கெடுதல் ஒன்றும் இல்லை. கண்மாய் ஏன் பெருகவில்லை என்பதற்கு என்னைக் கேட்க வேண்டியதில்லை. தண்ணீர் வரும் வரத்துக்கால் வழியே, மேலே இருக்கிற கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்குவரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள், தெரிந்துவிடும். உங்கள் பேராசிரியர் சொல்வது அமெரிக்கச் சூழலியலாளர் காரெட் ஹார்டின் 1968ல் சொன்னது. சுவிட்சர்லாந்து மேய்ச்சல் நிலம், ஸ்பெயின் வாய்க்கால், ஜப்பான் ஊர்க்காடு என்று தேடிப்போய், மக்களே விதி போட்டு நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றிய பொதுச்சொத்துகளை அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரம் எடுத்துக்காட்டினார். 2009ல் அவருக்குப் பொருளாதார நோபலும் கொடுத்தாயிற்று. பேராசிரியர் இன்னும் 1968லேயே இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள், பாவம்.

எனக்குக் கோபம் வந்தது அந்தப் 'பொற்காலம்' என்ற இடத்தில்தான். கல்வெட்டு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு எழுதக்கூடாதா? உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919ம் 921ம். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், குடவோலை முறையில். கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. (இந்த ஒன்றை மட்டும் மீட்டுத் தந்தாலே நான் உங்களைக் கும்பிடுவேன்.) ஆனால் ஓலையில் பெயர் எழுதுவதற்குத் தகுதி என்ன? கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு. அது பிராமணர் ஊர்ச்சபை. ஏரியில் இறங்கி மண் சுமந்தவரின் பெயர் அந்தக் குடத்துக்குள் போக வழியே இல்லை.

ஊராரே நீர்நிலையைப் பராமரித்த பழைய குடிமராமத்தும் அப்படித்தான். ஊரே திரண்டு ஆசையாகத் தூர்வாரியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆசையாக வந்தவர்களை வரவழைக்க, 1858ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்குப் போட்டார்கள்?

எங்கள் ஊரில் ஒரு நீர்ப்பாய்ச்சி இருந்தார், மடை திறந்து வயல்களுக்கு முறைப்படி தண்ணீர் விடுகிறவர். என் தாத்தா வயது அவருக்கு. ஊர் அவரை 'வாடா, போடா' என்றுதான் கூப்பிடும். கண்மாய் நிறைந்திருக்கும்வரை அவரை யாருக்கும் நினைவு வராது. தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் அவர் வைத்ததுதான் சட்டம். முங்கிப்போய், தண்ணீருக்குள் இருக்கிற மடைத் துளையான குமிழியை அடைப்பதும் திறப்பதும் அவர் மட்டுமே. வயல்காரன் வாய்க்காலில் மண்வெட்டி வைக்கக்கூடாது. ஒரு வருடம் தை பிறப்பதற்குள்ளேயே தண்ணீர் அடிமடைக்கு வந்துவிட்டது. எங்கள் வயல் மடைக்குப் பக்கத்தில். அவர் கடைமடைக்கு முதலில் விட்டார். என் அப்பா வரப்பில் நின்று, இங்கே எழுத முடியாத வார்த்தைகளில் ஏசினார். அவர் மண்வெட்டியைத் தோளில் இருந்து இறக்கவே இல்லை. "முறை வரட்டும், ஐயா" என்றார். முறை வந்ததும் பாய்ச்சினார், ஒரு குழி நிலம்கூடக் காயவில்லை. அறுப்பு முடிந்து களத்தில் நெல் அளந்தபோது மட்டும் தள்ளி நின்று துண்டை விரித்து வாங்கிக்கொண்டார்.

நீர்ப்பாய்ச்சிக்குக் கண்மாய் பாயும் ஆயக்கட்டில் நிலம் இல்லை, அதனால் நடுநிலையாக இருக்க முடிந்தது என்று இப்போது கருத்தரங்குகளில் வியக்கிறார்கள். நானே மேடையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அவருக்கு ஏன் நிலம் இல்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. பல ஊர்களில் இந்த வேலை தலித்துகளின் தலையில் இருந்தது. நிலமும் கொடுக்காமல், மரியாதையும் கொடுக்காமல், நீதியை மட்டும் அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம்.

அவர் மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். அப்பா இறந்ததும் ஊர்ப்பெரியவர்கள் போய் அழைத்தார்கள். "மாசம் எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டானாம். திரும்பி வந்துவிட்டார்கள். அதற்குள் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்திருந்தது. வசதி உள்ளவர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள். கண்மாய்க்காகக் கூட்டம் கூட்டிச் சத்தம் போடக்கூடியவர்களும் அவர்கள்தான். அவர்களுக்கே கண்மாய் தேவைப்படாதபோது யார் மடையைப் பார்ப்பார்கள்? கிணறு போட முடியாதவன் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மகன் போன பஸ்ஸிலேயே போனான்.

2017ல் 100 கோடி ரூபாயோடு குடிமராமத்து திரும்பி வந்தது. கரைக்கும் மதகுக்கும் கலுங்குக்கும் பணம். தூர்வாரியது பொக்லைன். சரி, வாரட்டும். பொக்லைன் போனபிறகு, தண்ணீர் குறைகிற மாதத்தில் உங்கள் அப்பாவைப் பார்த்து "முறை வரட்டும்" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்த இடம் காலியாக இருப்பதால்தான் உங்கள் ஊரில் சண்டை. தண்ணீர் எத்தனை அடி என்று சென்சார் சொல்லும். ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்காது. 2000ல் வந்த பாசன மேலாண்மைச் சட்டமும் நிலம் உள்ளவர்களை வைத்தே சங்கம் அமைக்கச் சொன்னது. கால் வேலிக்காரர்கள் எங்கேயும் போய்விடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் கண்மாயைப் பற்றி யோசிக்கிறவர்கள் குறைவு, அதனால்தான் இவ்வளவு நீளம். சென்சாருக்கு ஆகும் செலவைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அதே தாளில் ஒரு நீர்ப்பாய்ச்சிக்கு வருடச் சம்பளம் என்ன என்றும் எழுதுங்கள். மீன் குத்தகைப் பணம் உங்கள் ஊரில் எங்கே போகிறது என்றும் விசாரியுங்கள். திருவிழாவுக்கு என்றுதான் சொல்வார்கள். இரண்டையும் ஊர்க்கூட்டத்தில் வையுங்கள். கூட்டம் கோயில் மண்டபத்தில் வேண்டாம், பள்ளிக்கூடத்தில் போடுங்கள். காலனிக்காரர்களும் வந்து உட்கார வேண்டும், நாற்காலியில்.