லூப்பில் கணிக்கும் விடைகளை லிஸ்ற்றில் சேர்ப்பது எப்படி? கடைசி விடை மட்டும்தான் மிஞ்சுகிறது

கேள்வி இதுதான்: நான்கு காணிகளின் அளவு 'பரப்பு' என்ற நில அளவில் இருக்கிறது, 2, 3.5, 1.25, 6. பைத்தனில் ஒவ்வொன்றையும் 10 ஆல் பெருக்கி, அதைவிடச் சிறிய நில அளவான பேர்ச்சாக மாற்றுகிறீர்கள். லூப்புக்குள் பிறின்ற் செய்தால் நான்கு விடையும் வருகின்றன. லூப் முடிந்தபின் பார்த்தால் 60 மட்டும் நிற்கிறது. (16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் 10 சரி. வயல் பரப்புக்குக் கணக்கு வேறு, அதை இதோடு கலக்க வேண்டாம்.)

பெருக்கலில் பிழை இல்லை. 'விடை = ப * 10' என்று எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் பழைய பெறுமதி போய்ப் புதியது வந்து உட்காரும். ஒரு மாறியில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் நிற்கும். நான்கும் வேண்டுமென்றால் லூப் தொடங்க முன்னரே வெறும் லிஸ்ற் ஒன்றை உண்டாக்கி, சுற்றுக்கு ஒன்றாக அதன் வாலில் சேர்க்க வேண்டும். கட்டளைச் சொற்களைத் தமிழெழுத்தில் தருகிறேன், தட்டச்சும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். மாறிப் பெயர்களை இப்படியே தமிழில் விடலாம், பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும்.

பரப்பு = [2, 3.5, 1.25, 6]
பேர்ச் = []
ஃபோர் ப இன் பரப்பு:
    பேர்ச்.அப்பென்ட்(ப * 10)
பிறின்ற்(பேர்ச்)

வெளியீடு [20, 35.0, 12.5, 60]. 35 க்குப் பின்னால் .0 வருவது 3.5 தசம எண் என்பதால்.

'பேர்ச் = []' என்ற வரி தவறி லூப்புக்குள் போனால் ஒவ்வொரு சுற்றிலும் லிஸ்ற் புதிதாகப் பிறக்கும், கடைசியில் [60] தான் மிஞ்சும். செய்நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாது என்பதால் கண்டுபிடிக்கக் கஷ்டம். இதையே ஃபங்ஷனாக எழுதுபவர்கள் ரிட்டேர்ன் வரியின் உள்தள்ளலையும் பாருங்கள். அது லூப்புக்குள் நின்றால் முதல் சுற்றோடு ஃபங்ஷன் முடிந்து [20] மட்டும் திரும்பும்.

சாதாரண தரத்தில் பாஸ்கல் படித்துவிட்டு வருபவர்கள் விடும் பிழை இன்னொன்று. பாஸ்கலில் அணியின் அளவை முதலே அறிவித்துவிடுவோம், இடங்கள் தயாராக இருக்கும். அந்தப் பழக்கத்தில் வெறும் லிஸ்ற்றில் 'பேர்ச்[0] = 20' என்று எழுதினால் பைத்தன் இன்டெக்ஸ் எரர் தரும், ஏனென்றால் 0 ஆம் இடமே இன்னும் அங்கே இல்லை. இடங்களை முன்கூட்டியே உண்டாக்க '[0] * 4' போதும். ஆனால் இந்த வேலைக்கு அது தேவையில்லை, அப்பென்டே நல்லது.

அப்பென்ட் லிஸ்ற்றை அந்த இடத்திலேயே மாற்றும், எதையும் திருப்பித் தராது. 'பேர்ச் = பேர்ச்.அப்பென்ட்(ப * 10)' என்று எழுதினால் முதல் சுற்றிலேயே பேர்ச் என்பது None (எதுவும் இல்லை என்ற பெறுமதி) ஆகிவிடும். இரண்டாம் சுற்றில்தான் அட்ரிபியூற் எரர் வெடிக்கும். எனவே பிழை 3.5 இல் இருப்பதாக நினைத்து அந்தத் தரவைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

காணிக்கு மூன்று விடை சேர்க்கப் போனால்தான் உண்மையான சிக்கல். பரப்பு, பேர்ச், சதுர அடி (பேர்ச்சுக்கு 272.25) மூன்றையும் ஒரு வரிசையாக்கி, வரிசைகளைப் பெரிய லிஸ்ற்றில் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். லூப்புக்கு மேலே 'வரிசை = [0, 0, 0]' என்று வைத்து, உள்ளே அதன் மூன்று இடங்களையும் மாற்றி மாற்றி அப்பென்ட் செய்தால், முடிவில் [6, 60, 16335.0] என்பதே நான்கு தரம் வரும். அப்பென்ட் பிரதி எடுப்பதில்லை. அதே வரிசையைச் சுட்டும் அடையாளத்தைத்தான் நான்கு தரம் சேர்த்திருக்கிறீர்கள், ஒன்றை மாற்ற நான்கும் மாறும். '[[0] * 3] * 4' என்று தொடங்குவதிலும் இதே வில்லங்கம். சேகரிக்கும் லிஸ்ற் லூப்புக்கு வெளியே பிறக்க வேண்டும், சேர்க்கப்படும் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே புதிதாகப் பிறக்க வேண்டும்:

அட்டவணை = []

ஃபோர் ப இன் பரப்பு:
    வரிசை = [ப, ப * 10, ப * 10 * 272.25]
    அட்டவணை.அப்பென்ட்(வரிசை)

அளவுகளை இன்புற் மூலம் வாங்கினால் முதலில் ஃபுளோற்றுக்கு மாற்றுங்கள். இன்புற் தருவது எழுத்துச்சரம், "2" ஐ 10 ஆல் பெருக்கினால் 20 வராது, 2222222222 வரும்.

கணக்கு ஒரு வரியில் முடிவதானால் '[ப * 10 ஃபோர் ப இன் பரப்பு]' என்றே எழுதிவிடலாம். உள்ளே இஃப்பும் எல்ஸும் அடுக்கத் தொடங்கினால் சாதாரண லூப்புக்கே திரும்புங்கள், பிறகு வாசிப்பவருக்கு அதுதான் விளங்கும்.

'பேர்ச் = பேர்ச் + [ப * 10]' என்பதும் சரியான விடை தரும், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் முழு லிஸ்ற்றையும் பிரதியெடுக்கும். நான்கு காணிக்குத் தெரியாது, லட்சம் வரிக்கு நன்றாகத் தெரியும். எண் அணிகளுக்கான பைத்தன் நூலகமான நம்பையின் (NumPy) அப்பென்டும் இப்படித்தான், தரம் தரம் புது அணி உண்டாக்கும். சாதாரண லிஸ்ற்றில் சேர்த்துவிட்டு லூப் முடிந்தபின் ஒரே தரமாக நம்பை அணியாக மாற்றுங்கள்.