பார்க்கின்சன் நோயாளிக்கு மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?

கேள்வி: சேலத்தில் விசைத்தறி ஓட்டிவந்த என் தந்தைக்கு வயது 63. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். சர்க்கரை நோயும் உண்டு. "கை, கால் நன்றாகத்தானே இருக்கிறது, சான்று எப்படித் தருவார்கள்?" என்கிறார்கள் உறவினர்கள். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக விண்ணப்பிக்கலாம். உங்கள் உறவினர்கள் சொல்வது 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்துப் பேச்சு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21ஆக விரித்தபோது பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா ஆகியவையும் பட்டியலில் இடம்பெற்றன. சர்க்கரை நோய் அதில் இல்லை. ஆனால் அதனால் பார்வை குன்றியிருந்தாலோ காலை எடுக்க நேர்ந்திருந்தாலோ, அந்தக் குறைபாடு தனியே மதிப்பிடப்பட்டு, அதற்குரிய சூத்திரப்படி மொத்தக் குறைபாட்டு விழுக்காட்டில் சேர்க்கப்படும்.

பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது. நரம்பியல் நோய்களில் நோயை அல்ல, அதன் விளைவுகளையே மதிப்பிட வேண்டும் என்பது மைய அரசின் வழிகாட்டு நெறி; பெரும்பாலான சலுகைகளுக்கு அந்த மதிப்பீடு 40 விழுக்காட்டை எட்ட வேண்டும். ஆகவே கனத்த ஸ்கேன் கோப்பை நம்பிப் போகாதீர்கள், பார்க்கின்சனில் எம்.ஆர்.ஐ. பல நேரம் இயல்பாகவே இருக்கும். நடை, விழுந்த நிகழ்வுகள், பேச்சு, விழுங்குதல், சட்டைப் பொத்தான் போடவும் குளிக்கவும் பிறர் துணை தேவைப்படுவது ஆகியவற்றைக் குறிப்பிட்டு நரம்பியல் மருத்துவர் எழுதித்தரும் நோய்ச்சுருக்கமே வலுவான ஆவணம்.

இந்நோயில் இன்னொரு சிக்கல் உண்டு. பார்க்கின்சனுக்குத் தரப்படும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஓரளவு இயல்பாக நடப்பவர், அதன் வீரியம் குறைந்ததும் நாற்காலியிலிருந்து எழவே திணறுவார். சான்றுக்காக மதிப்பிடும் மருத்துவக் குழு பார்ப்பதோ சில நிமிடங்கள். மாத்திரை எடுக்கும் நேரத்தையும் முடங்கும் நேரத்தையும் ஒரு வாரத்துக்குக் குறித்துவைத்து, முடங்கிய நிலையைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நிலைமை மோசமாகத் தெரியட்டும் என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இப்படிச் செய்யும்படி யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் எச்சரிக்கிறேன்.

தனித்துவ அடையாள அட்டைக்கு (யுடிஐடி) இணையவழியில் விண்ணப்பிக்க ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவை வேண்டும். அதன்பின் அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடக்கும். அட்டை கிடைத்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனுக் கொடுங்கள். தமிழ்நாட்டில் இத்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். பார்க்கின்சன் நோயாளிகளும் இதில் அடங்குவர். வருவாய்த் துறையின் ஓய்வூதியம் ஏதேனும் அவர் பெற்றுவந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் வருமான வரி செலுத்துபவராகவும் பழைய வரிமுறையைத் தேர்ந்தவராகவும் இருந்தால், உங்களைச் சார்ந்திருக்கும் தந்தையின் சிகிச்சைச் செலவுக்காக ஒரு லட்சம் ரூபாய் வரை கழிவு கோரலாம். காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகை இதில் கழிக்கப்படும். நரம்பியல் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு தேவை. இங்கும் 40 விழுக்காடு என்ற அளவுகோல் உண்டு.

சான்று மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் அதைக் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்தைக் கொண்டு சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். குறைந்த விழுக்காடு தரப்பட்டாலும் அதே வழி திறந்திருக்கிறது. பார்க்கின்சன் நாளடைவில் முற்றும் நோய் என்பதால், இன்று 40க்குக் கீழே நின்றவர் நிலைமை மோசமானபின் புதிய மருத்துவ ஆவணங்களுடன் மறுமதிப்பீடு கேட்கவும் இடமுண்டு.