குடிமதிப்பின் நாட்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

தென்காசிப் பக்கத்து சபை ஒன்றில் வளர்ந்தவன் நான். இப்போது ஓசூரில் வேலை. இணையத்தில் ஒரு விவாதம் பார்த்ததிலிருந்து மனம் சரியில்லை. இயேசு யூதேயாவின் ராஜா ஏரோதின் நாட்களில் பிறந்தார் என்கிறார் மத்தேயு. சிரேனியு சீரியாவில் ரோமாபுரியின் தேசாதிபதியாக இருந்தபோது நடந்த குடிமதிப்பில் (மக்கள் கணக்கெடுப்பில்) பிறந்தார் என்கிறார் லூக்கா. இரண்டுக்கும் நடுவே பத்து வருடம்! நட்சத்திரம், கன்னிப்பிறப்பு, டிசம்பர் 25 எதற்கும் ஆதாரம் கிடையாதாம். சிறு வயதிலிருந்து எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேதபாடம் வாசிக்க அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார். பொய் என்று தெரிந்ததை எப்படி நின்று வாசிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

அன்புள்ள தம்பி,

போய் வாசியுங்கள். அம்மா ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்திருக்கிறார். அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் ‘ஏமாற்றியிருக்கிறார்கள்’ என்று எழுதினீர்களே, அதை நான் விடுவதாக இல்லை. யார் ஏமாற்றினார்கள்? உங்கள் சண்டே ஸ்கூல் டீச்சரா? அந்த அம்மா தனக்குத் தெரிந்ததை உங்களுக்கு ஊட்டினார். ஆதி சபையா? மத்தேயுவில் யோசேப்பின் தகப்பன் யாக்கோபு, லூக்காவில் ஏலி. இது ஏன் பொருந்தவில்லை என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் உட்கார்ந்து எழுதினார். அதற்கும் முன்னால் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர் பிறப்புக் கதையைக் கடுமையாகத் தாக்கினார். பதில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் அவர் வார்த்தைகளை மறைக்காமல் எடுத்துப் போட்டுத்தான் எழுதினார். கெல்சுஸின் நூல் அழிந்துபோயிற்று. அவர் சொன்னது நமக்குத் தெரிவதே அவருடைய எதிராளியால்தான். தத்தியான் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் நான்கு சுவிசேஷங்களையும் இணைத்து ஒரே கதையாக்கிக் கொடுத்தார். சீரியத் திருச்சபை அதை வெகுகாலம் வாசித்துவிட்டு, ஐந்தாம் நூற்றாண்டில் தனித்தனியான நான்குக்கே திரும்பியது. ஏமாற்ற நினைத்தவர்கள் இப்படி முரண்பாட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாதுகாப்பார்களா? ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு இரண்டாயிரம் வருடத்து மனிதர்களைத் திருடர்கள் என்பது அறிவல்ல, அவசரம்.

நட்சத்திரத்தை விடுங்கள். டிசம்பர் 25 சுவிசேஷத்திலேயே இல்லை, பின்னாளில் ரோமாபுரியில் நிலைபெற்ற தேதி அது. கன்னிப்பிறப்பை எந்தச் சுவடியும் நிரூபிக்காது, எந்தச் சுவடியும் பொய்யாக்காது. அதை விசுவாசிக்கு விட்டுவிடலாம்.

உங்கள் கோபம் உண்மையில் கிறிஸ்துமஸ் குடிலின் மேல்தான். மேய்ப்பர்களையும் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகளையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்திவைத்த அந்தக் குடில் எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. மத்தேயுவில் மரியாளும் யோசேப்பும் பெத்லகேமிலேயே ஒரு வீட்டில் இருக்கிறார்கள். எகிப்துக்கு ஓடி, திரும்பி வரும்போது ஏரோதின் மகன் அர்கெலாயுவுக்குப் பயந்துதான் நாசரேத்துக்குப் போகிறார்கள். லூக்காவில் நாசரேத்திலிருந்து கிளம்புகிறார்கள், முன்னணையில் பிள்ளையைக் கிடத்துகிறார்கள், தேவாலயத்தில் சடங்கு முடித்து அமைதியாக ஊர் திரும்புகிறார்கள். எகிப்து இல்லை, வாள் இல்லை, பயம் இல்லை. இவை இரண்டு கதைகள். இரண்டாகவே வாசிக்க வேண்டும். ஒன்றாகக் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். இதை நான் எத்தனை இடத்தில் சொல்லியும் குடில் கட்டுகிறவர்கள் கேட்பதில்லை.

கலந்தபோது முதலில் வெளியே போனவன் ஏரோது, மத்தேயுவில் பெத்லகேமின் ஆண்குழந்தைகளைக் கொல்லச் சொன்னவன். என் பெரியம்மா கைக்குழந்தை ஒன்றை மண்ணுக்குக் கொடுத்தவர். அவருடைய வேதாகமத்தில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் ஒரு வசனத்தின் கீழ் பென்சில் கோடு அழுத்தமாக இருக்கும்: “ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது, அவைகள் இல்லாதபடியால் ஆறுதலடையாதிருக்கிறாள்.” ஒரு கிறிஸ்துமஸ் மதியம், அடுக்களையில் எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “இத மட்டும் சபை ஐயர்மார் இன்னைக்கு வாசிக்க மாட்டாவ. ஆறுதல் அடையலன்னுல்லா எழுதிருக்கு. அப்படியே விட்டுட்டாரு பாத்தியா.” அவருக்கு அந்த வசனம் போதுமாக இருந்தது. யாரும் தன்னைத் தேற்ற முயலாத ஒரே இடம் அது என்று நினைக்கிறேன்.

அந்தப் படுகொலை நடந்ததா? நடந்திருக்காது என்பதே என் முடிவு. ஏரோது தன் மனைவி மரியம்னேயையும் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் கொன்றதை விரிவாக எழுதும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் இதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. பார்வோன் எபிரெயக் குழந்தைகளைக் கொன்ற பழைய கதையின் சாயலும் தெளிவாகவே இருக்கிறது. ‘பெத்லகேம் சின்ன ஊர், பத்திருபது குழந்தைகள்தான் செத்திருக்கும், அதனால்தான் யோசேபஸ் எழுதவில்லை’ என்று சமாளிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். வசனத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளின் சாவைச் சின்னதாக்குகிறவர்களுக்கு மத்தேயு என்ன எழுதினார் என்பதே புரியவில்லை. தன் பிள்ளைகளையே கொன்ற ராஜாவின் கீழ் வாழ்ந்த ஜனத்துக்கு அந்தக் கதையை நம்புவது கஷ்டமாக இருந்திருக்காது.

இனி குடிமதிப்பு. நான் சில காலமாக விடாமல் படித்துக்கொண்டிருப்பது இதைத்தான், உங்களுக்குப் பதில் எழுதுவதும் அதனால்தான். லூக்கா தேதியில் தவறினார். சுற்றிவளைக்க வேண்டாம். ஏரோது செத்தது கி.மு. 4. சிரேனியு குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6, ரோமாபுரி அர்கெலாயுவை நீக்கி யூதேயாவை நேராக எடுத்துக்கொண்டபோது. லூக்காவே முதல் அதிகாரத்தை ஏரோதின் நாட்களில் தொடங்குகிறார், ஆகவே முரண் அவருடைய புத்தகத்துக்கு உள்ளேயே இருக்கிறது. சிரேனியு முன்னாலும் ஒருமுறை தேசாதிபதியாக இருந்தார் என்பார்கள். ஆனால் ஏரோதின் கடைசி வருடங்களில் சீரியாவில் தேசாதிபதிகளாக இருந்தவர்கள் சத்துர்னினுஸும் வாருஸும். நாசரேத் இருக்கும் கலிலேயாவோ கி.பி. 6இல் ஏரோதின் இன்னொரு மகன் ஏரோது அந்திப்பாவின் கையில் இருந்தது, நாசரேத்துத் தச்சன் அந்தக் கணக்கில் வரவே மாட்டான். ஆயிரம் வருடத்துக்கு முந்திய தாவீதின் ஊருக்குப் போய்ப் பெயர் எழுதச் சொல்ல ரோமாபுரிக்கு என்ன தேவை? அவர்களுக்கு வேண்டியது வரி. ஆள் இருக்கும் இடத்தில், நிலம் இருக்கும் இடத்தில் எழுதினால்தான் வரி வரும்.

ஆனால் அந்த இரண்டு தேதிகளையும் சும்மா எண்களாகப் பார்க்காதீர்கள். கி.மு. 4இல் ஏரோது செத்ததும் நாடு கொந்தளித்தது. எசேக்கியாவின் மகன் யூதாஸ் கலிலேயாவின் செப்போரிஸ் நகரத்தில் ஆயுதக் கிடங்கைக் கொள்ளையடித்தான். வாருஸ் படையோடு வந்தான். செப்போரிஸ் எரிக்கப்பட்டது, ஜனங்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், நாடெங்கும் பிடிபட்டவர்களில் இரண்டாயிரம் பேர் சிலுவையில் அறையப்பட்டார்கள் என்கிறார் யோசேபஸ். செப்போரிஸிலிருந்து நாசரேத் ஆறு கிலோமீட்டர்தான். கி.பி. 6இல் குடிமதிப்பு வந்தபோது கலிலேயனாகிய யூதாஸ் எழும்பினான். தேவனைத் தவிர வேறு எஜமான் இல்லை, இந்தக் கணக்கெடுப்பு அடிமைத்தனம் என்றான். இரண்டு முறையும் எழுச்சி, இரண்டு முறையும் ரோமாபுரியின் கை. எழுபது, எண்பது வருடம் வாய்வழியாக வந்த நினைவில் இந்த இரண்டும் ஒன்றாகிப்போயிருக்கலாம். இது என் ஊகம். ஆனால் சும்மா எழுந்த ஊகமில்லை.

இதில் எனக்குச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. அதிகாரத்துக்கு எதிரான கதை என்று லூக்காவைக் கொண்டாட ஆசைதான். “பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்” என்று மரியாளைப் பாடவைத்தவர் அவர். ஆனால் அதே லூக்கா யோசேப்பை ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பெயர் எழுதப் போகவைக்கிறார். அப்போஸ்தலர் நடபடிகளில் கலிலேயனாகிய யூதாஸை நினைவுகூர்ந்து, “அவனும் அழிந்தான்” என்று ஒரு பரிசேயனைச் சொல்லவைக்கிறார். ‘எங்கள் ஆள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல, அவன் வீட்டார் வரிக்கணக்குக்குப் பணிந்தவர்கள்’ என்று ரோமாபுரிக்குக் கேட்கும்படி சொல்கிறாரா? எருசலேம் கி.பி. 70இல் இடிந்து, ரோமாபுரி யூதர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில் எழுதியவர் அவர் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. மரியாளின் பாட்டும் யோசேப்பின் பணிவும் ஒரே ஆளிடமிருந்து எப்படி வந்தன என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. நீங்களோ பத்து வருட வித்தியாசத்தைக் கண்டதும் புத்தகத்தை மூடிவிட்டீர்கள்.

யோசேபஸின் யூதப் பழமை வரலாற்றில் 17, 18ஆம் புத்தகங்களை எடுங்கள். பதினேழில் வாருஸ், பதினெட்டின் தொடக்கத்திலேயே சிரேனியு. முழுதாக வாசித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், வாசிக்காமல் எழுத வேண்டாம். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.