மனையை விற்று மகளை நகரமைப்பு படிக்க வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். கடலூர் திருப்பாப்புலியூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயது 54. வருமான வரிக் கணக்கில் காட்டுவது ஆண்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்து மேற்படிப்புச் சேர்க்கைக்கான கேட் தேர்விலும் தேறியிருக்கிறாள். நகரமைப்பும் சுற்றுச்சூழல் கொள்கையும் சேர்ந்த மேற்படிப்புதான் படிப்பேன் என்கிறாள். இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, எல்லாம் சேர்த்து 40 லட்சம் ஆகும். விஜயவாடாவில் எம்.பிளான் என்ற நகரமைப்பு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால் இரண்டு வருடமும் 7 லட்சத்துக்குள் முடியும் என்று அவளே கணக்குப் போட்டுக் காட்டினாள். என்னிடம் இருப்பது 4 லட்சம் டெபாசிட், 25 பவுன் நகை, குடியிருக்கும் வீடு, கெடிலம் ஆற்றுப் பக்கம் 2009-ல் வாங்கிய 5 சென்ட் மனை. மனைக்கு பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது. அதை விற்கவா, அடமானம் வைக்கவா? ‘ரோடு போடுற படிப்புக்கு இவ்வளவு செலவா?’ என்று மைத்துனர் வேறு கேட்கிறார்.

பதில்: முதலில் மைத்துனருக்குப் பதில் சொல்லிவிடுவோம். ரோடு போடுவது சிவில் இன்ஜினியர் வேலை. அந்த ரோடு எங்கே போக வேண்டும், அதன் ஓரத்தில் எது வீடு, எது தொழிற்சாலை, எந்தத் தாழ்வான நிலத்தைத் தொடாமல் விட வேண்டும் என்று முடிவு செய்வது நகரமைப்பு. ஒருபக்கம் சிப்காட் ரசாயன ஆலைகள், இன்னொரு பக்கம் கடல், நடுவில் தென்பெண்ணையும் கெடிலமும் ஓடும் ஊரில் இருந்துகொண்டு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்தியது ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற வார்த்தைதான். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி அது டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககம் தர வேண்டிய அனுமதி. ஊராட்சி முத்திரையை வைத்தே தமிழ்நாடு முழுக்க மனைகள் விற்றுத் தீர்ந்தன. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் பலருக்கும் விஷயமே தெரிந்தது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு மனையாகப் பதிவானவற்றுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம். உங்களுடையது 2009 என்பதால் தேதி உங்கள் பக்கம்தான். ஆனால் வரன்முறை ஆணை கையில் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

அந்த ஆணை இல்லாமல் எந்த வங்கியும் இந்த மனையை அடமானமாக எடுக்காது. விற்கலாம், பழைய பதிவு இருப்பதால் பத்திரம் நடக்கும். ஆனால் வீடு கட்ட பிளான் அப்ரூவல் கிடைக்காத மனையை வாங்க வருகிறவர் என்ன விலை கேட்பார்? அதிலும் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்குகிறது என்று தெரிந்தால் இன்னும் அடித்துப் பேசுவார். அவசரத்தில் விற்கக்கூடாத சொத்து ஏதாவது உண்டென்றால் அது இப்படிப்பட்ட மனைதான். ஆக, இந்தக் கணக்கிலிருந்து மனையை எடுத்துவிடுங்கள்.

இப்போது 40 லட்சம். வெளிநாட்டுப் படிப்புக் கடனில் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாகச் செலவில் 15 சதவீதத்தை நம்மையே போடச் சொல்கின்றன. அதுவே 6 லட்சம், உங்கள் டெபாசிட்டை விட அதிகம். மீதி 34 லட்சத்துக்குச் சொத்து அடமானம் கேட்பார்கள். மனை ஆகாது என்றால் மிஞ்சுவது குடியிருக்கும் வீடு. வட்டி 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, படிக்கும் வருடமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் வட்டி கட்டாமல் விட்டால், 34 லட்சம் 41 லட்சத்து 48 ஆயிரமாக வளர்ந்து நிற்கும். அதைப் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 57,000 ரூபாய் தவணை. உங்கள் ஆண்டு வருமானத்தை 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 45,000. அவள் அங்கேயே வேலை வாங்கினால் கட்டிவிடலாம். வாங்காவிட்டால் கடை முழுவதையும் கொடுத்தாலும் பற்றாது. அங்கே படித்தவர்கள் வேலை தேடத் தரும் கிராஜுவேட் விசாவையும் 2027 ஜனவரியிலிருந்து இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கணினிப் படிப்பை எந்த ஊரில் படித்தாலும் எந்த ஊரிலும் விற்கலாம். நகரமைப்பு அப்படியல்ல, அது சட்டத்தோடு ஒட்டிய தொழில். கடலூரிலிருந்து அரை மணி நேரத்தில் புதுச்சேரிக்குள் நுழைந்தாலே சட்டம் மாறிவிடுகிறது. அங்கே 1969-ல் வந்த தனி நகர் ஊரமைப்புச் சட்டம். பக்கத்து ஊருக்கே இப்படி என்றால், இங்கிலாந்துச் சட்டத்தைப் படித்துவிட்டு இங்கே திரும்பும் பிள்ளை பாதியை மறுபடி படிக்க வேண்டியிருக்கும். அங்கேயே தங்குவதுதான் திட்டம் என்றால் கதை வேறு. ஆனால் உங்கள் வீட்டைப் பணயம் வைத்து அந்தப் பந்தயத்தில் இறங்க நான் சொல்லமாட்டேன்.

அதனால் என் ஓட்டு விஜயவாடாவுக்கு. டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. எனும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரிகள் மூன்றும் மத்திய அரசு நிறுவனங்கள். மூன்றிலுமே எம்.பிளானில் சுற்றுச்சூழல் திட்டமிடல் தனிப் பிரிவாக இருக்கிறது. உங்கள் மகள் கேட்பதும் ஏறக்குறைய அதுதான்.

7 லட்சம் செலவில் 5 சதவீதம், 35,000 ரூபாய் நீங்கள் போடுங்கள். மீதி 6 லட்சத்து 65 ஆயிரத்துக்குக் கல்விக் கடன். ஏழரை லட்சம் வரை அடமானம் தேவையில்லை. பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் இது, மத்திய அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்கள் இதில் அடங்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு, தவணை தொடங்கும் வரை வட்டியில் 3 சதவீதத்தை அரசு ஏற்கும். உங்கள் வருமானத்துக்கு இது பொருந்தும். இங்கே ஒரு முடிச்சு உண்டு. கேட் மதிப்பெண்ணோடு முதுநிலைப் படிப்பில் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் ஊக்கத்தொகை இருக்கிறது. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இந்த வட்டிச் சலுகை கிடையாது என்பது விதி. எனவே அவள் சேரும் பிரிவுக்கு ஊக்கத்தொகை உண்டா என்று கல்லூரியிலும், இரண்டும் மோதுமா என்று வங்கியிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஊக்கத்தொகைதான். 24 மாதத்துக்கு அது 2 லட்சத்து 97 ஆயிரத்து 600 ரூபாய்.

10 சதவீத வட்டியில், பாதிப் பணம் மட்டும் எடுத்திருக்கும் முதல் வருடத்தில் மாத வட்டி சுமார் 2,800 ரூபாய், அப்புறம் 5,500. இதைக் கடையிலிருந்து அவ்வப்போது கட்டிவிடுங்கள். கட்டிவருபவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. அப்படிச் செய்தால் அவள் வேலைக்குப் போகும்போது பாக்கி அதே 6.65 லட்சம், பத்து வருடத் தவணை மாதம் 8,800 ரூபாய். நகரமைப்பில் ஆரம்பச் சம்பளத்தைப் பெரிதாக நினைக்க வேண்டாம். நான் கணக்குக்காக 35,000 என்று வைத்துக்கொள்கிறேன். அதில் கால்வாசிதான் தவணை. பிள்ளைக்கு மூச்சு முட்டாது.

வேலை எங்கே என்றால், டிடிசிபியின் உதவி இயக்குநர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி ஆள் எடுக்கிறது. மாஸ்டர் பிளான் தயாரிக்கும் தனியார் ஆலோசனை நிறுவனங்கள் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பெரிய ஆலையோ துறைமுகமோ தொடங்க சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும், அதைச் செய்துகொடுக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிலும் வேலை உண்டு. அரசுப் பணி அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதை நம்பி மட்டும் கடன் வாங்க வேண்டாம்.

டெபாசிட்டைத் தொடாதீர்கள். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் அதுதான் கை கொடுக்கும். நகையும் வீட்டிலேயே இருக்கட்டும். கடன் பணம் வரத் தாமதமாகி முதல் செமஸ்டர் கட்டணம் நெருக்கினால் மட்டும் நான்கைந்து பவுனை வங்கியில் வைத்து, பணம் வந்த வாரமே மீட்டுவிடுங்கள். அடகுக் கடைப் பக்கம் போகவே வேண்டாம்.

மனை பாக்கி இருக்கிறது. அவள் விஜயவாடா கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் அங்கே கூட்டிப்போங்கள். 2015 மழையிலும், ஃபெஞ்சல் புயல் வந்த 2024-லும் அங்கே தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கட்டும். புல வரைபடத்தை எடுத்து வாய்க்காலோ நீர்நிலையோ மனைக்குள் விழுகிறதா என்று பார்க்கட்டும். விழுந்தால் வரன்முறை கிடைக்காது. அவள் பார்த்து எழுதித் தருவதை அனுப்புங்கள், விற்பதா வைத்திருப்பதா என்று அப்போது சொல்கிறேன்.