ஆவணம் ஒன்று சொல்ல, நிரல் வேறொன்று செய்தால்: வாசகர் கேள்வி–பதில்

திறமூல அறிவியல் மென்பொருள்களின் ஆவணங்களில் உள்ள பிழைகளைத் திருத்துவது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். ஒரு ஃபங்ஷனின் விளக்கத்தில் தவறாக நிற்கும் ஒரே வரி, அதை நம்பிக் கணக்குப் போடும் எல்லா ஆய்வுக்கட்டுரைகளுக்குள்ளும் போய்விடும். அதனால் இதைச் சில்லறை வேலை என்று நாங்கள் நினைக்கவில்லை.

ஒரே எட்டு எண்களுக்குப் பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பை தரும் திட்டவிலக்கம் 2. ஆர் மொழி 2.138 என்கிறது. பைத்தானிலேயே பாண்டாஸ் என்ற தரவு நூலகத்தைப் போட்டாலும் 2.138தான். நம்பை ஆவணத்தில் பிழை என்று புகார் கொடுக்கலாமா?
– இயற்பியல் ஆராய்ச்சி மாணவி, திருச்சி

கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய எண்கள் 2, 4, 4, 4, 5, 5, 7, 9. சராசரி 5. விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 32. அதை 8ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2. 7ஆல் வகுத்து எடுத்தால் 2.138. நம்பையின் எஸ்டிடி ஃபங்ஷனில் 'டிடிஓஎஃப்' என்ற அளவுருவின் டீஃபால்ட் மதிப்பு 0, அதனால் மொத்த எண்ணிக்கையால் வகுக்கிறது. பாண்டாஸில் அதே அளவுருவின் டீஃபால்ட் 1. ஆர் மொழியின் எஸ்டி ஃபங்ஷனும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தே வகுக்கிறது. மூன்றின் ஆவணங்களும் இதைச் சரியாகவே எழுதியிருக்கின்றன.

ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் பெரிய கேள்வி முக்கியமானது: ஆவணமும் விடையும் ஒத்துப்போகாதபோது தவறு எந்தப் பக்கம் என்று எப்படித் தீர்மானிப்பது? முதல் வேலை, இப்போது செய்ததுபோலக் கையால் சரிபார்க்கக்கூடிய சிறிய உள்ளீட்டை எடுத்துக்கொள்வது. லட்சம் வரி தரவை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அடுத்து, அந்த ஃபங்ஷனுக்கான சோதனைக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். நிரல் இப்போது தரும் விடையையே ஒரு சோதனை எதிர்பார்க்கிறது என்றால், எழுதியவர்களின் எண்ணம் அதுதான். பெரும்பாலும் ஆவணம்தான் தவறு. சோதனையே இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியின் மாற்ற வரலாற்றையும் காட்டும் 'கிட் பிளேம்' கட்டளை கொடுத்து, அந்த வரி எந்த மாற்றத்தின்போது வந்தது, அப்போது என்ன விவாதம் நடந்தது என்று படியுங்கள். நிரலை மாற்றிவிட்டு ஆவணத்தை அப்படியே விட்ட தடயம் பல நேரம் அங்கேதான் கிடைக்கும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. ஆவணம் சரி, நிரலும் சரி, ஆனால் படிப்பவர் தவறாகப் புரிந்துகொள்ள வழி இருக்கிறது. நம்பையின் எக்ஸ்பொனென்ஷியல் ஃபங்ஷன் இதற்கு நல்ல உதாரணம். பாடப்புத்தகத்தில் லாம்டாவை (வீதத்தை)ப் படித்துவிட்டு வருபவர் 0.5 என்று கொடுத்து, சராசரி 2 வரும் என்று காத்திருப்பார். வருவது 0.5. காரணம், அங்கே கேட்கப்படுவது வீதம் இல்லை, அதன் தலைகீழான ஸ்கேல். ஆர் மொழியில் இதே வேலையைச் செய்யும் ஃபங்ஷன் வீதத்தைக் கேட்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் 'பிழை' என்று இஷ்யூ (திட்டத்தின் தளத்தில் பதியும் புகார்) போடாமல், குறிப்புகள் பகுதியில் ஒரு வாக்கியத்தையோ சராசரியைக் காட்டும் இரண்டு வரி உதாரணத்தையோ சேர்க்க முன்மொழியுங்கள். பிழைப் புகாரை "ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். தெளிவுபடுத்தும் வரியை ஏற்பார்கள்.

நம்பையின் சைன் ஃபங்ஷன் பக்கத்தில் ஒரு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். மூலநிரலில் எங்கே தேடியும் அந்த ஃபங்ஷனின் வரையறையே கிடைக்கவில்லை.
– மென்பொருள் பொறியாளர், சென்னை

கிடைக்காது. சைன், எக்ஸ்ப் போன்றவை சி மொழியில் இயங்குபவை. அவற்றின் விளக்கங்கள் 'யூஃபங்க் டாக்ஸ்ட்ரிங்ஸ்' என்ற தனிக் கோப்பில் மொத்தமாக இருக்கின்றன. 'கோர்' அடைவுக்குள் 'கோட் ஜெனரேட்டர்ஸ்' என்ற உள்ளடைவில் பாருங்கள். 2024இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து 'கோர்' என்ற பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு சேர்ந்திருக்கிறது. பழைய வழிகாட்டிகளில் உள்ள பாதையை அப்படியே தட்டச்சு செய்தால் "கோப்பு இல்லை" என்று வருவது அதனால்தான். அறிவியல் கணக்குகளுக்கான சைபை நூலகத்தின் சிறப்புச் சார்புகளுக்கும் இதேபோல் 'ஆட் நியூடாக்ஸ்' என்ற கோப்பு உண்டு.

தேடும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்கங்கள் சுமார் 75 எழுத்துக்கு ஒரு வரி என்று மடித்து எழுதப்படுபவை. பக்கத்தில் ஒரே வாக்கியமாகத் தெரிவது கோப்பில் மூன்று வரிகளில் கிடக்கும். முழு வாக்கியத்தையும் ஒட்டித் தேடினால் ஒன்றும் வராது. அபூர்வமான இரண்டு மூன்று சொற்களை மட்டும் கொடுத்து, கோப்புகளுக்குள் தேடும் 'கிட் கிரெப்' கட்டளையைப் போடுங்கள்.

கிடைத்ததும் உடனே திருத்திவிடாதீர்கள். அதே வாக்கியம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். நம்பையின் ரேண்டம் பகுதியில் பழைய முறைக்கு ஒரு கோப்பு, புதிய ஜெனரேட்டர் முறைக்கு ஒரு கோப்பு. பல விளக்கங்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றதில் பிழை தொடரும். இதற்கு நேர்மாறான நிலை சைபையின் புள்ளியியல் பரவல்களில்: அங்கே விளக்கத்தின் பெரும்பகுதி ஒரே வார்ப்புருவிலிருந்து எல்லாப் பரவல்களுக்கும் நிரப்பப்படுகிறது. ஒரு பரவலுக்காக வார்ப்புருவில் கைவைத்தால் மற்ற எல்லாப் பக்கங்களும் மாறும். மாற்ற வேண்டியது அந்தப் பரவலுக்கு மட்டுமே உரிய குறிப்புகள் பகுதிதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: நீங்கள் பார்த்த பக்கம் ஏற்கெனவே வெளியான 'ஸ்டேபிள்' பதிப்பா? அதே பக்கத்தின், இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் 'டெவ்' பதிப்பைத் திறந்து பாருங்கள். அங்கே ஏற்கெனவே திருத்தியிருந்தால் உங்கள் வேலை முடிந்தது.

ஒரு நூலகத்தின் ஆவணத்தில் சமன்பாட்டில் ஆல்ஃபா குறி வர வேண்டிய இடத்தில் முதல் எழுத்து இல்லாமல் மீதி நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிகின்றன. பீட்டா, தீட்டாவும் இப்படியே. சிக்மா மட்டும் சரியாக இருக்கிறது. எழுத்துரு கோளாறா?
– கணிதப் பேராசிரியர், மதுரை

எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டாக்ஸ்ட்ரிங், அதாவது நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கம், பைத்தானைப் பொறுத்தவரை சாதாரணச் சரம் (எழுத்துத் தொடர்). சரத்துக்குள் பின்சாய்வுக்கோடும் 'ஏ' எழுத்தும் சேர்ந்து வந்தால் அது மணியொலிக் குறி. 'பி' சேர்ந்தால் பேக்ஸ்பேஸ், 'டி' சேர்ந்தால் டேப், 'என்' சேர்ந்தால் புதிய வரி, 'எஃப்' சேர்ந்தால் புதிய பக்கம், 'ஆர்' சேர்ந்தால் வரித் தொடக்கம். ஆகவே ஆல்ஃபா, பீட்டா, தீட்டா, நியூ, ரோ, பின்னக் கட்டளை எல்லாமே சிதையும். 'எஸ்' எழுத்துக்கு அப்படி எந்தப் பொருளும் இல்லை என்பதால் சிக்மா தப்பித்தது. தப்பித்ததும் நிரந்தரமில்லை, பொருளற்ற இத்தகைய சேர்க்கைகளுக்குப் பைத்தான் 3.12 முதல் சின்டாக்ஸ் எச்சரிக்கை வருகிறது. 'எக்ஸ்' எழுத்தில் தொடங்கும் க்ஸை குறி வந்தாலோ கோப்பே ஓடாது, நேராகப் பிழைச் செய்திதான்.

தீர்வு ஓர் எழுத்து. விளக்கத்தைத் தொடங்கும் மூன்று மேற்கோள்குறிகளுக்கு முன்னால் சிறிய 'ஆர்' போட்டால் பைத்தான் பின்சாய்வுக்கோட்டை அப்படியே விட்டுவிடும். ஆனால் போடுவதற்கு முன் முழு விளக்கத்தையும் மேலிருந்து கீழ்வரை படியுங்கள். முன்பு யாராவது சில இடங்களில் மட்டும் பின்சாய்வுக்கோட்டை இரட்டிப்பாக்கிச் சமாளித்திருப்பார்கள். 'ஆர்' சேர்ந்ததும் அங்கே இரண்டு கோடுகளும் நிற்கும். சமன்பாடுகளை எழுதும் லேட்டெக்கில் இரட்டைக் கோடு என்றால் வரி முறிவு. அவற்றை ஒற்றையாக்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அதே கோப்பில் வேறு இரண்டு குறைகளும் கண்ணில் பட்டன. அளவுருக்கள் பட்டியலில் பெயர், இடைவெளி, கோலன், இடைவெளி, வகை என்பதே இந்த விளக்கங்களுக்கான நம்பைடாக் வடிவத்தின் விதி. கோலனுக்கு முந்தைய இடைவெளியை விட்டுவிட்டால் பெயரும் வகையும் சேர்ந்து முழுவதும் பெயராகவே எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவது, பகுதித் தலைப்பின் கீழே இடும் கோடுகள் தலைப்பைவிடக் குறைவாக இருந்தால் அது தலைப்பாகவே கணக்கில் வராது. அந்தப் பகுதி முந்தைய பத்தியோடு ஒட்டிக்கொள்ளும்.

8 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப். சைபை முழுவதையும் மூலநிரலிலிருந்து பில்ட் செய்தால்தான் திருத்தம் அனுப்ப முடியுமா?
– கல்லூரி மாணவர், யாழ்ப்பாணம்

எழுத்துப்பிழை, செயலிழந்த இணைப்பு, ஒரு வாக்கியம் என்றால் தேவையில்லை. கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து பென்சில் சின்னத்தை அழுத்தினால் உங்கள் பெயரில் ஃபோர்க்கும் (திட்டத்தின் பிரதி) பிராஞ்ச்சும் (அதில் உங்கள் மாற்றத்துக்கான கிளை) தானாக உருவாகும். புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை ஏற்கும்படி கேட்கும் கோரிக்கை) அனுப்பியபின் திட்டத்தின் சர்வரே ஆவணத்தைக் கட்டும். நம்பை, சைபை, சைக்கிட்-லேர்ன் மூன்றிலும் சோதனைப் பட்டியலில் கட்டிமுடித்த பக்கத்துக்கு இணைப்பு வரும். அதைத் திறந்து உங்கள் வரியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கிட்ஹப் காட்டும் முன்னோட்டத்தை நம்ப வேண்டாம், ஆவணப் பக்கங்களைக் கட்டும் ஸ்பிங்க்ஸ் மென்பொருளின் குறுக்கிணைப்புகள் அதில் தெரியாது.

உதாரண நிரலை மாற்றினால் மட்டும் அதை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் நிறுவப்பட்ட பதிப்பிலேயே ஓட்டிப் பார்த்துவிடலாம். முழு பில்ட் வேண்டுமென்றால் கோண்டா சூழலுக்குள் செய்யுங்கள். குளோன் செய்தபின் (மூலநிரலைப் பிரதியெடுத்தபின்) சப்மாட்யூல்களையும், அதாவது அதோடு இணைந்த துணைத் திட்டங்களையும், இறக்க வேண்டும். அதை மறப்பதுதான் முதல் தோல்விக்கு வழக்கமான காரணம். பிறகு 'ஸ்பின் பில்ட்' கட்டளையோடு 'ஜே 2' என்ற தெரிவைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் பிராசசரின் எல்லா கோர்களும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யத் தொடங்கி 8 ஜிபி நினைவகம் நிரம்பிவிடும்.

மாற்றத்தைப் பதியும்போது எழுதும் கமிட் செய்தியைப் பெரிய எழுத்தில் 'டிஓசி' என்ற முன்னொட்டும் கோலனும் போட்டுத் தொடங்குங்கள். சைபையில் சதுர அடைப்புக்குள் 'டாக்ஸ் ஒன்லி' என்றும் சேர்த்தால் தேவையற்ற சோதனைகள் ஓடாது.

ஆவண உதாரணத்தில் 2.0 என்று இருக்கிறது. எனக்கு 'என்பி.ஃப்ளோட்64' என்று எழுதி அடைப்புக்குள் 2.0 வருகிறது. எது தவறு?
– பள்ளி ஆசிரியை, சேலம்

இரண்டும் சரி. நம்பை 2.0இல் ஒற்றை எண்களைத் திரையில் காட்டும் விதத்தை மாற்றினார்கள்; மதிப்பில் மாற்றமில்லை. நீங்கள் படிப்பது பழைய பதிப்பின் பக்கமாக இருக்கும். பயன்படுத்தும் நூலகம் இன்னும் பழைய வடிவத்தையே தன் ஆவணத்தில் வைத்திருந்தால், அதைத் திருத்துவது முதல்முறை பங்களிப்பவருக்கு ஏற்ற வேலை.

ஆர் தொகுப்பு ஒன்றின் 'மேன்' அடைவில் தவறான டீஃபால்ட் மதிப்பைத் திருத்தி அனுப்பினேன். மாற்றம் சிறியது, சரியானது. ஆனாலும் மறுத்துவிட்டார்கள்.
– வேளாண் புள்ளியியலாளர், கோவை

அந்தக் கோப்பின் முதல் வரியைப் பாருங்கள். 'ராக்ஸிஜன்2 உருவாக்கியது, கையால் திருத்தாதீர்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால், நீங்கள் தொட்டது மூலமில்லை, அதிலிருந்து பிறந்த கோப்பு. அடுத்தமுறை அவர்கள் ஆவணத்தை உருவாக்கும்போது உங்கள் திருத்தம் அழிந்துவிடும். மூலம் 'ஆர்' அடைவில், ஃபங்ஷனுக்கு நேர் மேலே, எண்குறியும் ஒற்றை மேற்கோளும் கொண்டு தொடங்கும் வரிகளில் இருக்கிறது. அங்கே திருத்தி, டெவ்டூல்ஸின் 'டாக்குமென்ட்' கட்டளையை ஓட்டுங்கள். 'மேன்' கோப்பு தானாக மாறும். இரண்டையும் சேர்த்து கமிட் செய்யுங்கள். டிஸ்கிரிப்ஷன் கோப்பில் ராக்ஸிஜனின் பதிப்பு எண் குறிக்கப்பட்டிருக்கும். உங்களிடம் வேறு பதிப்பு இருந்தால் சம்பந்தமே இல்லாத பல கோப்புகளும் மாறிவிடும். அவற்றை கமிட்டில் சேர்க்காதீர்கள்.

கிட்ஹப்பில், ஆர் தொகுப்புகளின் களஞ்சியமான 'கிரான்' என்பதன் பெயரில் இருக்கும் பிரதிகள் படிக்க மட்டுமே. புல் ரிக்வெஸ்ட்டை அங்கே அனுப்பினால் ஆசிரியருக்குப் போய்ச் சேராது. உண்மையான முகவரி டிஸ்கிரிப்ஷன் கோப்பில் இருக்கும். ஆர் மொழியோடு சேர்ந்தே வரும் அடிப்படைத் தொகுப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் ஆவணங்கள் கையால் எழுதப்படுபவை. பிழையை ஆர் திட்டத்தின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் தெரிவிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் நீளமாக எழுத வராது. இஷ்யூவில் என்ன எழுதுவது?
– பாலிடெக்னிக் மாணவி, திண்டுக்கல்

நீளம் வேண்டாம். பதிப்பு எண், பக்கத்தின் முகவரி, அதில் உள்ள வாக்கியம் அப்படியே, நான்கைந்து வரி நிரல், அது தந்த விடை, நீங்கள் முன்மொழியும் வாக்கியம். இந்த ஆறும் இருந்தால் வணக்கமும் முன்னுரையும்கூடத் தேவைப்படாது. ஸ்கிரீன்ஷாட் ஒட்டாமல் நிரலை எழுத்தாகவே ஒட்டுங்கள், படிப்பவர் ஓட்டிப் பார்க்க வேண்டும். சமன்பாடு தவறு என்றால் மூலக் கட்டுரையின் சமன்பாட்டு எண்ணையும், ஒரு மதிப்பைப் போட்டுப் பார்த்த விடையையும் சேருங்கள். கட்டுரையிலேயே அச்சுப்பிழை இருக்க வாய்ப்புண்டு. எண்ணைப் போட்டுப் பார்த்தால் அதுவும் வெளிப்பட்டுவிடும்.

புல் ரிக்வெஸ்ட் அனுப்பி மூன்று வாரம். பதில் இல்லை. ஒரு சோதனையும் சிவப்பில் நிற்கிறது. மூடிவிட்டுப் புதிதாக அனுப்பட்டுமா?
– தரவு ஆய்வாளர், பெங்களூரு

மூடாதீர்கள். முதலில் சிவப்பின் பதிவைத் திறந்து உங்கள் கோப்பின் பெயர் அதில் வருகிறதா என்று தேடுங்கள். வராவிட்டால் அந்தத் தோல்வி உங்களுடையதாக இருக்காது, விட்டுவிடலாம். வந்தால் வரி நீளம், வரி முடிவில் மிஞ்சிய வெற்றிடம், பொருந்தாத உதாரண விடை என்ற மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதே பிராஞ்ச்சில் திருத்திப் புஷ் செய்தால் போதும், புல் ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பிக்கப்படும்.

பிறகு உங்கள் மாற்றம் எத்தனை வரி என்று பாருங்கள். ஒரு வாக்கியத்தைத்தான் திருத்தினீர்கள், ஆனால் நூற்றுக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டுகிறது என்றால், சேமிக்கும்போது உங்கள் எடிட்டர் கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறது, அல்லது விண்டோஸ் வரி முடிவுகளை மாற்றியிருக்கிறது. மறுஆய்வாளர் தொடாமல் தள்ளிவைக்க இதுவே போதுமான காரணம். அந்த மாற்றங்களைக் கழித்துவிட்டு, பணிவாக ஒரே வரியில் நினைவூட்டுங்கள். பார்ப்பவர்களில் பலர் தன்னார்வலர்கள். மூன்று வாரம் அதிகமில்லை.

ஏற்றுக்கொண்டபின் திருத்தம் முதலில் 'டெவ்' பக்கத்தில்தான் தெரியும். 'ஸ்டேபிள்' பக்கம் அடுத்த வெளியீட்டின்போது மாறும். இடையில் பழைய வாக்கியமே அங்கே இருப்பதைப் பார்த்து மறுபடி இஷ்யூ திறந்துவிடாதீர்கள்.