சூடேறினால் படுத்துவிடும் கார்கள்: வாசகர் கேள்வி-பதில்

நுவரெலியாவின் ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு பழைய வேகக் கார்களைப் பற்றிய கடிதங்கள் வந்து குவியும். இந்த வருடமும் அப்படித்தான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என்னுடையது 1997 ஹொண்டா சிவிக் ஈகே. நாவலப்பிட்டியிலிருந்து ஏறும்போது கினிகத்தேனை தாண்டியதும் நின்றுவிடுகிறது. அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. கராஜ் பாஸ் பெற்றோல் பம்ப், பற்றரி, ஸ்பார்க் பிளக் எல்லாம் மாற்றிவிட்டார். 92,000 ரூபாய் முடிந்தது, காரின் வருத்தம் மட்டும் மாறவில்லை. — ஆர்., ஹட்டன்

பதில்: இதே காரை இதே வருத்தத்தோடு நானும் வாங்கியிருக்கிறேன். விற்றவர் கம்பளைக்குக் காலை ஆறரைக்கு வரச் சொன்னார். வேலைக்குப் போகிற மனிதர், அதனால்தான் அவ்வளவு வெள்ளெனக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். எஞ்சின் குளிராக இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார் என்பது ரம்பொடை ஏற்றத்தில், ஒரு லொறிக்குப் பின்னால், பிள்ளைகளும் மனைவியும் காருக்குள் இருக்கத்தான் விளங்கியது. பக்கத்துக் கடையில் நாங்கள் இரண்டு தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அது எழும்பவில்லை.

இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலும் அதை முடுக்கும் இக்னைட்டரும், அந்த மின்சாரத்தைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. அதுவோ எஞ்சின் தலையோடு ஒட்டி நிற்கிற சாமான். வயதான இக்னைட்டர் சூடேறியதும் வேலைநிறுத்தம் செய்யும், ஆறியதும் கங்காணி வந்து கூப்பிட்டதுபோல வேலைக்குத் திரும்பும். இன்னொரு சந்தேக நபர், ஸ்டியரிங் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் மெயின் ரிலே. அதற்குள் ஈயப்பற்று வெடித்திருந்தால், சூட்டில் தொடர்பு விட்டு பம்புக்குக் கரண்ட் போகாது. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றுதான். பிரித்துப் பார்க்க ஐந்து சதம் செலவில்லை.

கார் நின்றவுடன் சாவியை ஓன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுப் பக்கம் பம்ப் இரண்டு செக்கன் முனகும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள். பற்று மட்டும்தான் வெடித்திருக்கிறதென்றால், தெரிந்த ரேடியோ பாஸ் ஒருவர் சூட்டுக்கோலால் சரிசெய்து தருவார். சத்தம் கேட்டால் பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, பழைய பிளக் ஒன்றைச் செருகி, அதன் உடம்பை எஞ்சினில் பதித்து வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், பெற்றோல் மணம் இருந்தால் செய்யவே வேண்டாம். பொறி வரவில்லையா, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாருங்கள். இன்னொரு துப்பும் இருக்கிறது. கார் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே எஞ்சின் செத்து, ஆர்பிஎம் முள்ளும் அந்தக் கணமே பூச்சியத்துக்கு விழுந்தால், அது இக்னைட்டர் பக்கத்து அடையாளம். சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் முள்ளுக்குச் செய்தி சொல்ல ஆள் இல்லை. செக் எஞ்சின் விளக்கு எரிகிறதென்றால் பிழைக் கோட் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து ஹொண்டாக்களில் 15 என்பது இக்னிஷன் சிக்னல் கோளாறு.

இதில் எதையும் பார்க்காமல் மூன்று சாமான் மாற்றிய பாஸிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கழற்றிய பழைய பம்ப் எங்கே? அது அநேகமாக நல்ல பம்ப். உங்களுடையது.

கேள்வி: நுவரெலியாவில் காற்று அடர்த்தி குறைவு, அதற்கென்று தனி பிளக் போட வேண்டும் என்கிறார்கள். உண்மையா? — வாசகர், நானுஓயா

பதில்: இல்லை. 1,868 மீற்றர் உயரத்தின் மெல்லிய காற்றில் பொறி பாய்வது இன்னும் சுலபம். கடையை மாற்றுங்கள்.

கேள்வி: ரேஸ் பார்க்கப் போன இடத்தில் 1999 லான்சர் எவோ 6 ஒன்று விலைக்கு வந்தது. சத்தத்தைக் கேட்டதும் மனம் நிற்கவில்லை, அன்றே அட்வான்ஸ் கொடுத்தேன். ஐடிலில் நன்றாக நிற்கிறது. டர்போ பிடிக்கும் நேரம் பட் பட் என்று மிஸ்ஸிங் அடிக்கிறது. விற்றவர் போன் எடுப்பதில்லை. — எஸ்., தலவாக்கலை

பதில்: நுவரெலியாவின் மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934 முதல் நடக்கிறது. அந்தச் சத்தத்தில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்த முதல் ஆள் நீங்கள் இல்லை. எவ்வளவு தூரம் ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதாததிலேயே பதில் இருக்கிறது.

முதலில் அது எவோதானா? சேசி இலக்கம் சிபி9ஏ என்று தொடங்க வேண்டும். சிகே2ஏ என்றால் சாதாரண லான்சருக்கு எவோ பம்பரும் டர்போ எஞ்சினும் ஏற்றியிருக்கிறார்கள். எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகமும் பொருந்துகின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள்.

மிஸ்ஸிங், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் பற்றாமல் போவது, வேறு கதை. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தத்தில் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவை. பிளக் இடைவெளி 1.1 மில்லிமீற்றர் என்றால் ஐடிலில் பாயும், பூஸ்டில் பாயாது. 0.7 அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். பிளக் குழிக்குள் ஒயில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வால்வு கவரின் ரப்பர் சீல் காய்ந்தால் ஒயில் இறங்கி, பிளக் மேலிருக்கும் ரப்பர் உறையை ஊறவைக்கும், பொறி பக்கவாட்டில் ஓடிவிடும். கொயில் கடைசிக் கட்டம். இந்த எஞ்சினில் இரண்டே கொயில், ஒவ்வொன்றும் இரண்டு சிலிண்டருக்கு. இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மிஸ்ஸிங் கொயிலோடு சேர்ந்து நகர்ந்தால் கொயில்தான். நகரவில்லையென்றால் புதுக் கொயிலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அதுவரை மிதித்து ஓட்ட வேண்டாம். எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கட்டலிட்டிக் கன்வேட்டருக்குள் போய் எரியும், அதைக் கொன்றுவிடும். பிறகு புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: ஒரே பிராண்ட் இரிடியம் பிளக். ஹட்டனில் ஒரு கடையில் ஒன்று 1,400 ரூபாய், கொழும்பு ஏஜென்டிடம் அதைப்போல நான்கு மடங்கு. ஏஜென்ட் கொள்ளையடிக்கிறாரா? — எம்., கொட்டகலை

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.

தங்கம் வாங்கும்போது உரசிப் பார்க்கிறோம். பிளக் வாங்கும்போது பெட்டியின் நிறத்தைப் பார்க்கிறோம். போலி பிளக் செய்கிறவனுக்கு அச்சகம்தான் மூலதனம். பெட்டியை அச்சொட்டாக அடித்துவிடுவான். பிளக்கை அப்படி அடிக்க முடியாது. உண்மையான இரிடியம் பிளக்கின் நடு முனை ஊசிபோல இருக்கும், பலவற்றில் 0.6 மில்லிமீற்றர்தான். போலியில் அது தடித்து, வெல்டிங் அசிங்கமாகத் தெரியும். வளைந்த மேல் கம்பி நடு முனைக்கு நேரே நிற்காது. மரை கரடுமுரடாக இருக்கும். வாசர் விரலால் தள்ளியவுடன் கழன்று கையில் வரும்.

கண்ணில் நம்பிக்கை இல்லாதவர்கள் மல்டிமீற்றர் கொண்டு போங்கள். என்ஜிகே பிளக் இலக்கத்தில், பிபிஆர்7ஈஎஸ் என்பதில் வருவதுபோல, ஆர் எழுத்து இருந்தால் உள்ளே ரெசிஸ்டர் இருக்க வேண்டும். தலைமுனைக்கும் நடு முனைக்கும் இடையே ஐந்தாயிரம் ஓம் அளவில் காட்டும். போலிகள் பலவற்றில் பூச்சியம் காட்டும், ஏனென்றால் உள்ளே வெறும் கம்பி. நான் ஒரு கடையில் இப்படி அளந்தபோது முதலாளி, "தம்பி, நீங்க பிளக் வாங்க வந்தீங்களா, எக்ஸாம் வைக்க வந்தீங்களா?" என்று கேட்டார். நான்கில் மூன்று பூச்சியம். பிளக்கும் வாங்கவில்லை, எக்ஸாமும் முடிந்தது.

பிபிஆர்7ஈஎஸ்ஸில் வரும் அந்த 7 சூட்டு இலக்கம், பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்பதைச் சொல்வது. என்ஜிகேயில் இலக்கம் கூடக்கூட பிளக் குளிர்ச்சியானது. பொஷ் பிளக்கில் அப்படியே தலைகீழ். இது தெரியாமல் "பெரிய நம்பர் பவர் கூட" என்று விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள், வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் காரின் கைநூலில் எந்த இலக்கம் போட்டிருக்கிறதோ அதைக் கேளுங்கள். கேட்ட இலக்கம் இல்லாமல் "இதுவும் அதுதான்" என்று லாச்சியிலிருந்து பெட்டியில்லாமல் எடுத்துத் தந்தால், கும்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள். இரிடியத்துக்குக் காசு போதாதென்றால் நல்ல கடையில் சாதாரண நிக்கல் பிளக் வாங்கலாம். சீக்கிரம் தேயும், ஆனால் பொய் சொல்லாது.

ஏஜென்ட் கொள்ளையடிக்கிறாரா என்று கேட்டீர்கள். இலாபம் வைக்கிறார். 1,400 ரூபாய்க்காரர்தான் கொள்ளையடிக்கிறார்.

கேள்வி: பழைய சாமான் கடையில் ஜப்பான் டிஸ்ட்ரிபியூட்டர் 38,000 ரூபாய்க்கு எடுத்தேன். பில்லில் "ஒரு மாதம் செக்கிங் வாரண்டி" என்று கையால் எழுதித் தந்தார்கள். ஒன்பதாம் நாள் செத்துவிட்டது. கொண்டு போனால் "எலக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறார்கள். கடன் வாங்கிச் செய்த செலவு. — பெயர் வேண்டாம், பண்டாரவளை

பதில்: அந்தப் பில்லை பத்திரமாக வையுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள், வெயில் பட்டால் எழுத்து அழிந்துவிடும்.

எழுதிக் கொடுத்த வாரண்டியை வாயால் அழிக்க முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளைப் பற்றி முறையிடலாம். எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். பதுளை கச்சேரியிலும், அதாவது மாவட்டச் செயலகத்திலும், கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் கடைக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வேண்டாம், கத்த வேண்டாம். காகிதம் கத்தட்டும்.

ஒன்று மட்டும். டிஸ்ட்ரிபியூட்டரை நீங்களோ உங்கள் பாஸோ திறந்து பார்த்திருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்காரர் முதலில் பிடிக்கப்போவது அதைத்தான். திறக்கவில்லையென்றால் திறக்கவே வேண்டாம். முடிவு என்ன ஆனாலும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: வட்டவளையில் பனியும் மழையும் சேர்ந்தால் என் ஸ்டார்லெட் டர்போ இருமுகிறது. வெயிலில் நன்றாக ஓடுகிறது. என்ன மாற்றுவது? — டி., வட்டவளை

பதில்: இப்போதைக்கு ஒன்றும் மாற்ற வேண்டாம். இரவில் விளக்கை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பூக்கன்றுக்கு அடிக்கும் ஸ்பிரேயால் பிளக் வயர்கள் மேல் இலேசாகத் தண்ணீர் தூவுங்கள். கை படாமல். எங்கே நீலப் பொறி ஓடுகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள். வயரில் ஒன்றும் தெரியாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உட்பக்கம் பென்சில் கோடுபோலக் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள்.

கேள்வி: மகன் 25 வருடப் பழைய டர்போ கார் வாங்க லீசிங் போடச் சொல்கிறான். — தகப்பன், பதுளை

பதில்: 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை, 2025இல் திறந்த பிறகும் பலர் மனதில் இறங்கவில்லை. வட்டி கட்டப்போவது யார் என்று முதலில் மகனிடம் கேளுங்கள்.

கேள்வி: முன்பு ஒருமுறை "பவர் கூடும்" என்று சிவப்பு நிற ரேசிங் பிளக் வயர் வாங்கி ஏமாந்ததாக எழுதினீர்கள். அது இன்னும் இருந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன். — கே., மஸ்கெலியா

பதில்: அந்த வயரைப் போட்ட நாளிலிருந்து ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பின்னால் எஞ்சினும் சேர்ந்து வாசித்தது. உள்ளே ரெசிஸ்டன்ஸ் இல்லாத வெறும் செப்புக் கம்பி, அதனால்தான். மூன்று வயர் வீட்டில் கிடக்கிறது. நான்காவதில் மனைவி போஞ்சிக் கொடியைக் கட்டியிருக்கிறார், அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.